வாசகர் கேள்வி – பதில்: தரையில் சிந்தாமல் ஆயில் ஃபில்டர் மாற்றுவது எப்படி?

கேள்வி: எங்களுடையது பழைய பெட்ரோல் கார். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் வீட்டு வாசலில் நானே மாற்றுகிறேன். ஆயிலை வடிப்பதில் சிக்கல் இல்லை. ஃபில்டரைக் கழற்றும்போதுதான் முழங்கை, சைலன்சர் குழாய், தரை டைல்ஸ் என எல்லா இடத்திலும் வழிந்துவிடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் மட்டும் எப்படிச் சிந்தாமல் செய்கிறார்கள்? – மதுரை வாசகர்

பதில்: ஒர்க்‌ஷாப்பிலும் சிந்தத்தான் செய்கிறது. அங்கே கார் லிஃப்டின் மேல் உயரத்தில் நிற்பதாலும், அதன் அடியில் அகன்ற வாயுள்ள பீப்பாய் இருப்பதாலும் சிந்துவது நம் கண்ணில் படுவதில்லை. வீட்டில் அந்த வசதி இல்லாததால், ஃபில்டருக்குள் ஆயில் எங்கே தங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

உங்கள் காரில் இருப்பது திருகிப் பொருத்தும் தகர டப்பா வகை என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் வாய்ப்புறத்தில் வட்டமாகச் சிறு துளைகளும், நடுவில் மரையுள்ள பெரிய துளையும் இருக்கும். ஆயில் சிறு துளைகள் வழியாக உள்ளே போய், மடிப்பு மடிப்பான வடிதாளைக் கடந்து, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. எஞ்சின் நின்ற பிறகு ஆயில் முழுவதும் கீழே இறங்கிவிட்டால் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது சில நொடிகள் உராய்வுப் பகுதிகளுக்கு ஆயில் கிடைக்காது என்பதால், பெரும்பாலான ஃபில்டர்களில் அதைத் தடுக்க ஒரு ரப்பர் வால்வு வைத்திருக்கிறார்கள். எஞ்சினைக் காக்கும் அந்த வால்வுதான் உங்கள் தரையையும் நனைக்கிறது. கீழே உள்ள போல்ட்டைக் கழற்றி எவ்வளவு நேரம் வடித்தாலும், ஃபில்டருக்குள் ஒரு தம்ளர் அளவுக்கு ஆயில் அப்படியே நிற்கும். ஃபில்டரின் பிடி தளர்ந்தவுடன் அது மொத்தமாக விளிம்பு வழியே வெளியேறும். படுக்கைவசத்தில் பொருத்தப்பட்ட ஃபில்டராக இருந்தால் எஞ்சின் சுவரிலும் அதை ஒட்டிய சைலன்சர் குழாயிலும் வழிந்த பிறகுதான் உங்கள் தட்டுக்கு வந்து சேரும்.

ஆகவே முதலில் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு கால் மணி நேரம் ஆறவிடுங்கள். ஆயில் இளஞ்சூட்டில் இருந்தால் நன்றாக வடியும், கையும் வெந்துபோகாது. காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது. ஜாக்கி ஸ்டாண்டோ சாய்தளமோ இல்லாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தரையில் முதலில் தடித்த பாலிதீன் விரிப்பு, அதன் மேல் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி, அதற்கு மேல் அகன்ற தட்டு என்று வையுங்கள். வெறும் செய்தித்தாள் போதாது. சில நிமிடங்களிலேயே ஆயில் ஊறித் தரைக்குப் போய்விடும்.

வடிக்கும் போல்ட்டைக் கடைசி மரை வரை உள்நோக்கி அழுத்தியபடியே திருகி, பிறகு சட்டென்று விலக்கினால் கையில் அதிகம் வழியாது. தொடக்கத்தில் ஆயில் வளைந்து தூரமாகப் பாயும், குறையக் குறைய நேர்கீழாக விழும். அதற்கேற்பத் தட்டை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். கால் மணி நேரம் வடிந்த பிறகு போல்ட்டைப் புதிய வாஷருடன் போட்டு முடித்துவிட்டுத்தான் ஃபில்டருக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்து வைப்பவர்களுக்கு ஒரு தட்டு போதாது.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை நெடுக்கில் வெட்டினால் நல்ல ஓடை கிடைக்கும். அதன் ஒரு முனையை ஃபில்டரின் வாய்க்கு அடியில் செருகி, மறுமுனையைத் தட்டை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பிறகு ஃபில்டரைக் கையால் திருப்பும் அளவுக்கு மட்டும் தளர்த்திவிட்டு நிறுத்திவிடுங்கள். இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுக்கிறார்கள். விளிம்பில் முதலில் ஒரு கருங்கோடு தெரியும்; பிறகு அது நூலாக இறங்கும்; ஐந்தாறு நிமிடத்தில் சொட்டாகக் குறையும். அதன் பிறகு தடித்த பாலிதீன் பையை ஃபில்டர் முழுவதையும் மூடும்படி போட்டு, பைக்குள்ளேயே அதைத் திருகிக் கழற்றி, மரையை விட்டு விலகியதும் வாய் மேலே பார்க்கும்படி நிமிர்த்தி, பையோடு எடுத்துவிடுங்கள். பை சைலன்சர் குழாயில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் குழாய் நன்றாக ஆறியிருக்க வேண்டும். எஞ்சின் அடியில் பிளாஸ்டிக் மூடி இருக்கும் கார்களில் அதைக் கழற்றாமல் இந்த வேலையைச் செய்தால், சிந்தியதெல்லாம் அதற்குள் தேங்கி, நாள்கணக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஃபில்டர் இறுகிப்போய் அசையவே மறுக்கிறது. ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே அடித்துச் செருகித் திருப்பலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: வேண்டாம். தகரம் மெல்லியது என்பதால் பல நேரம் டப்பா கிழிந்துவிடும்; அடித்தட்டு மட்டும் எஞ்சினிலேயே தங்கிவிடும். அதன் பிறகு பிடித்துத் திருப்ப எதுவுமே இருக்காது, உள்ளிருந்த ஆயில் முழுவதும் துளை வழியாகக் கொட்டியிருக்கும். முதலில் திசையைச் சரிபாருங்கள்: ஃபில்டரின் மூடிய அடிப்பக்கத்தைப் பார்த்தபடி கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் தளரும். காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது இந்தத் திசை எளிதில் குழம்பிவிடும், மேலும் இறுக்கிவிட்டு இறுகிப்போனதாக நினைப்பவர்கள் உண்டு. திசை சரியாக இருந்தால், டப்பாவை எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, உப்புத்தாளைச் சுற்றிக் கையால் முயலுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஃபில்டர் கழற்றுவதற்கென்றே விற்கும் பட்டை ஸ்பேனர் அல்லது ஃபில்டரின் அடியில் பொருந்தும் கிண்ண வடிவ ஸ்பேனர் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய முறை போட்டவர் ஸ்பேனரால் இறுக்கியதே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, வளையம் எஞ்சினைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும்; உங்கள் ஃபில்டரின் மேலேயோ அதன் அட்டைப்பெட்டியிலோ வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கேள்வி: இரண்டு ஆயில் மாற்றத்துக்கு ஒரு முறை ஃபில்டரை மாற்றினால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா? – திருநெல்வேலி வாசகி

பதில்: காருக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வடிதாள் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு ஆயில் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காக, பல ஃபில்டர்களுக்குள்ளோ எஞ்சினிலோ ஒரு மாற்றுவழி வால்வு இருக்கிறது. அழுத்தம் கூடும்போது அது திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பும். ஆயில் விளக்கு எரியாது, சத்தமும் மாறாது, ஆனால் இரும்புத் துகளும் கரியும் நேராக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கும். அதோடு, பழைய ஃபில்டரில் தங்கிய அழுக்கு ஆயில் புது ஆயிலோடு கலந்துவிடுகிறது. ஃபில்டரின் விலை ஆயிலின் விலையில் ஒரு சிறு பங்குதான். வாங்கும்போது போலிகளைத் தவிர்க்க, ரசீது தரும் கடையில் பாகத்தின் எண்ணைச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: என் 150 சிசி பைக்கில் தகர டப்பா எதுவும் தெரியவில்லை. ஸ்கூட்டரிலும் இல்லை. ஃபில்டர் எங்கே இருக்கும்? – விழுப்புரம் வாசகர்

பதில்: பல பைக்குகளில் எஞ்சினின் பக்கவாட்டில், சிறு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்ட வட்ட மூடிக்குள் காகித ஃபில்டர் இருக்கும். வண்டியை நேராக நிறுத்தி, ஆயிலை வடித்து முடித்த பிறகு மூடியைக் கழற்றினால் சிறிதளவே வழியும்; மூடிக்கு அடியில் மடித்த பனியன் வேஸ்டை வைத்தால் போதும். ஃபில்டருக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் உண்டு. சில வண்டிகளில் பின்னால் ஒரு சுருள்வில்லும் இருக்கும். அவை இருந்த வரிசையை வெளியே எடுக்கும் முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் திருப்பிப் போட்டால் ஆயில் ஓட்டம் தடைபடக்கூடும். ரப்பர் வளையங்களைப் புதிதாகப் போடுவது அவசியம். பல ஸ்கூட்டர்களிலும் 100 சிசி வண்டிகளிலும் மாற்றும் ஃபில்டருக்குப் பதிலாகக் கம்பிவலைச் சல்லடைதான் இருக்கும். அதைக் கழுவி, உலர்த்தி, மீண்டும் போடலாம்.

கேள்வி: வடித்த ஆயிலைக் கரையான் வராமல் இருக்க வீட்டு நிலைகளுக்கும் மாட்டுக்கொட்டகைக் கால்களுக்கும் பூசுவது எங்கள் வழக்கம். தவறா? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: தலைமுறையாக நடந்துவந்த வழக்கம்தான் என்றாலும் இதைக் கைவிடுங்கள். ஓடிய ஆயிலில் எஞ்சின் தேய்மானத்தின் உலோகத் துகள்களும், எரிபொருள் எரிந்ததில் உண்டாகும் நச்சுச் சேர்மங்களும் கலந்திருக்கின்றன. நீண்ட காலம் தொடர்ந்து தோலில் பட்டால் தோல் புற்றுநோய்க்கு இடமுண்டு. மாடு உரசும் கம்பத்திலும் குழந்தை கைவைக்கும் நிலையிலும் அதைப் பூசுவது எப்படிச் சரியாகும்? மழையில் கழுவப்பட்டு மண்ணுக்கும் கிணற்றுக்கும் அது போய்ச் சேரும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவாகவே வகைப்படுத்துகின்றன. ஆயில் தயாரிப்பு நிறுவனங்களே அதைத் திரும்பப் பெற்றுச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற பொறுப்பும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய ஃபில்டரை ஓர் இரவு முழுவதும் தட்டின் மேல் கவிழ்த்து வைத்து வடியவிடுங்கள். ஆயிலைப் புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி, பெட்ரோலோ கூலண்டோ கலக்காமல், கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் ஃபில்டரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வேலை செய்யும்போது கையுறை போடுங்கள். தரையில் சிந்திவிட்டால் தண்ணீர் அடித்துச் சாக்கடைக்குத் தள்ளாமல், மரத்தூளையோ சிமென்ட் தூளையோ கனமாகத் தூவி, மறுநாள் கூட்டி அள்ளிவிட்டு, மிச்சக் கறையைச் சலவைத்தூள் போட்டுத் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள்.

கேள்வி: எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மறுநாள் காலையில் காருக்கு அடியில் மூன்று நான்கு சொட்டு. மீண்டும் கழற்ற வேண்டுமா? – கோவை வாசகி

பதில்: உடனே வேண்டாம். எஞ்சின் அடிப்பகுதியின் இடுக்குகளில் சிந்திய ஆயில் தங்கியிருந்து, எஞ்சின் சூடாகும்போது இளகி இறங்கும். ஃபில்டரைச் சுற்றியும் வடிக்கும் போல்ட்டைச் சுற்றியும் துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, சுத்தமான அட்டையை அடியில் விரித்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். விளிம்பு உலர்ந்தே இருந்தால் பழைய மிச்சம்தான்; அடுத்தடுத்த நாள்களில் நின்றுவிடும். போல்ட்டின் தலையில் ஈரம் தெரிந்தால் வாஷரைப் பாருங்கள். ஃபில்டரின் விளிம்பில் புது ஆயில் கசிந்து நின்றால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் பொருத்தியிருக்க வாய்ப்புண்டு. இப்படி இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், ஓட்டத்தில் அழுத்தம் கூடும்போது ஒன்று பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் சாலைக்குப் போய்விடும். எனவே அந்த நிலையில் காரை எங்கும் எடுத்துச் செல்லாமல், நீங்கள் கழற்றிவைத்த பழைய ஃபில்டரின் வாயைப் பாருங்கள். அதில் வளையம் இருந்தால் கவலையில்லை, கையால் இன்னும் சற்றே இறுக்கிப் பார்க்கலாம். அது வெறும் தகரமாக இருந்தால் புதிய ஃபில்டரைக் கழற்றி, ஒட்டியிருக்கும் வளையத்தை விரலால் உரித்தெடுத்து, அந்த முகத்தைத் துடைத்து, வளையத்தில் ஆயில் தடவி மீண்டும் பொருத்துங்கள்; குறைந்திருக்கும் ஆயிலை அளவுக் குச்சியின் இரண்டு குறிகளுக்கு இடையே வரும்படி ஊற்றிவிட்டு, அதன் பிறகு காரை எடுங்கள்.