மார்கரெட் ரிவரில் ஒரு வாரம்: ஊருக்குள்ளா, தோட்டத்துக்குள்ளா?

மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவரில் குழந்தைகளோடு ஒரு வாரம் தங்க ஊர் நல்லதா, திராட்சைத் தோட்டத்து விடுதி நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர் என்பதே என் கட்சி.

தோட்டத்து விடுதி படத்தில் அழகுதான். ஆனால் இருட்டிய பிறகு பால் தீர்ந்துபோனால், கங்காரு எப்போது குறுக்கே பாயுமோ என்று பயந்துகொண்டே விளக்கில்லாத சாலையில் காரை ஓட்ட வேண்டும். ஊரில் தங்கினால் கடைக்கு நடந்தே போய்வரலாம். ஆசைக்கு ஒரே ஓர் இரவு தோட்டத்தில் தங்குங்கள்.

கார் கட்டாயம் வேண்டும்; பெர்த்திலிருந்து சுமார் 270 கிலோமீட்டர், மூன்று மணி நேரப் பயணம். ரத்தத்தில் ஆல்கஹால் அளவு 0.05 சதவீதம் ஆனாலே அங்கே கார் ஓட்டுவது குற்றம். எனவே ஒயின் சுவைக்கும் நாளில் சுற்றுலா வேனில் போய்விடுங்கள்.

மாதம் கேட்டால் மார்ச் என்பேன். ஜனவரிப் பள்ளி விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், அறுவடையும் நடக்கும். கொடிகளின் மேல் வலை போர்த்தியிருப்பதைப் பார்ப்பீர்கள். பழம் கொத்தும் சின்னஞ்சிறு பறவைகளைத் தடுக்கத்தான். காட்டில் மரி (யூகலிப்டஸ் இனத்து மரம்) நன்றாகப் பூத்துவிட்டால் அந்தப் பறவைகள் தேனைத் தேடிப் போய்விடும், திராட்சை தப்பிக்கும்.

பிரெவெலி கடற்கரையில் அலை மூர்க்கமானது, பார்ப்பதோடு சரி. குழந்தைகள் குளிக்க வடக்கே பஸ்ஸல்டன் போங்கள். அங்கே கடல் குளம்போலக் கிடக்கும். கடலுக்குள் நீளும் 1,841 மீட்டர் மரப்பாலத்தில் குட்டி ரயிலும் ஓடுகிறது.