சாரதி லைசன்ஸ் புதுப்பித்தலும் எல்லையில் காட்டும் அடையாளமும்: கேள்வி பதில்

லைசன்ஸ், பாஸ்போட் பற்றி வந்து சேர்ந்த கேள்விகளுக்கு இங்கே பதில். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் கேட்டவரின் ஊர் இருக்கிறது. முதலில் ஒன்று: லைசன்ஸ் வாகனம் ஓட்டுவதற்கான அனுமதி. நீங்கள் எந்த நாட்டுப் பிரசை என்பதை அது சொல்லாது. வந்த கேள்விகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வந்தவை.

சுன்னாகம்: அண்ணை, என்ர லைசன்ஸ் அடுத்த மாதம் முடியுது. கொழும்புக்குப் போகவேணுமோ? திரும்பப் பரீட்சை எழுதவேணுமோ?

இரண்டும் வேண்டாம் தம்பி. மோட்டார் சைக்கிள், கார் போன்ற இலகு வாகனங்களுக்கு லைசன்ஸ் 8 வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது எழுத்துப் பரீட்சையும் இல்லை, ஓட்டிக் காட்டலும் இல்லை. மெடிக்கல் (மருத்துவச் சான்றிதழ்) மட்டும் கட்டாயம். அதைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம்தான் தரவேண்டும். தெரிந்த டொக்டரிடம் வாங்கிய துண்டை ஏற்கமாட்டார்கள். நிறுவகத்தின் கிளை யாழ்ப்பாணத்திலும் உண்டு. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு போங்கள். மெடிக்கல், பழைய லைசன்ஸ், அடையாள அட்டை, அதன் பிரதி ஆகியவற்றோடு கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்துக்குப் போனால் போதும். படத்தையும் அங்கேயே எடுப்பார்கள்.

வாசலில் நின்று "நான் கெதியாய் முடிச்சுத் தாறன்" என்று வருகிறவரிடம் அடையாள அட்டையைக் கொடுக்கவேண்டாம். இதை எத்தனை தரம் என்றாலும் சொல்லுவேன்.

கொடிகாமம், லொறி ஓடுகிறவர்: எனக்கு இன்னும் நாலு வருசம் இருக்கெண்டு நினைச்சன். பொலிஸ் மறிச்சு முடிஞ்சுபோச்செண்டு சொல்லுறாங்கள்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கோ. ஒவ்வொரு வாகன வகுப்புக்கும் தனித்தனித் திகதி இருக்கும். கனரக வாகனத்துக்கு 4 வருடம்தான். கார் ஓட இன்னும் அனுமதி இருக்கும், லொறிக்கு முடிந்திருக்கும். முடிந்த வகுப்பு வாகனத்தோடு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது இந்தத் திகதியைத்தான். இன்றைக்கே மெடிக்கலுக்குப் போங்கோ. அதுவரை லொறியில் ஏறவேண்டாம்.

நல்லூர்: ஐசி (அடையாள அட்டை) துலைஞ்சுபோச்சு. லைசன்ஸைக் காட்டி வாக்குப் போடலாமோ?

போடலாம் தங்கச்சி. ஏற்கிற ஆவணங்களில் அதுவும் ஒன்று.

மானிப்பாய்: சுவிஸிலயிருந்து பெறாமகன் திருவிழாவுக்கு வாறான். அவன்ர சுவிஸ் லைசன்ஸோட இங்க மோட்டார் சைக்கிள் ஓடலாமோ?

அந்த லைசன்ஸ் மட்டும் போதாது அம்மா. அங்கேயிருந்து சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துவந்தால் அதை இங்கே உறுதிப்படுத்தவேண்டும். அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக லைசன்ஸ் எடுக்கவேண்டும். சுவிஸில் அவர் கார் ஓட மட்டும் அனுமதி பெற்றவர் என்றால், எந்தக் கடதாசியாலும் இங்கே மோட்டார் சைக்கிள் ஓட முடியாது. தலைக்கவசம் இல்லாமல் கோயிலடிக்கு ஓடுகிற பழக்கத்தையும் அவருக்குக் காட்டிக் கொடுக்காதேங்கோ.

உரும்பிராய்: இன்டர்நெட்டில சர்வதேச லைசன்ஸ் மூன்று வருசத்துக்குத் தருகினம், ஐசியே தேவையில்லையாம். எடுக்கலாமோ?

எடுக்காதேங்கோ, அது ஏமாற்று. 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கும் சர்வதேச அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். மூல லைசன்ஸும் கையில் இருந்தால்தான் அதற்குப் பெறுமதி. அது உங்கள் லைசன்ஸின் மொழிபெயர்ப்புத்தான், அடையாளப் பத்திரம் இல்லை.

கொக்குவில்: மகள் கனடாவில, ஸ்காபரோவில. விசிற் விசாவில போறம். நயாகராப் பாலத்தால அமெரிக்காப் பக்கம் ஒருக்காப் போய்வர மருமகன் கூட்டிக்கொண்டு போறாராம். அவரிட்ட ஒன்ராறியோ லைசன்ஸ் இருக்கு. எங்களுக்கு என்ன தேவை?

உங்களுக்கு இலங்கைப் பாஸ்போட்டில் அமெரிக்க விசா தேவை. கனடா விசா கனடாவுக்கு மட்டும்தான். நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் கனடாப் பக்கத்தில் நின்று பாருங்கோ, குதிரைலாட அருவி அங்கிருந்துதான் முழுசாய்த் தெரியும்.

மருமகன் கனேடியப் பிரசை என்றால் பாஸ்போட் கொண்டுபோகவேண்டும். நிரந்தர வதிவாளர், இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான் என்றால், அவருக்கும் அமெரிக்க விசா வேண்டும், திரும்பி வர வதிவாளர் அட்டையும் வேண்டும். ஒன்ராறியோ லைசன்ஸ் கார் ஓட மட்டும்.

ஸ்காபரோவிலிருந்து ஒருவர்: பிழையான தகவல் தாறீங்கள். நான் லைசன்ஸைக் காட்டி எத்தனையோ தரம் பஃபலோ போய் வந்தனான்.

போயிருப்பீர்கள், அது அந்தக் காலம். தரைவழியால் வருகிற கனேடியர்களிடம் முன்னர் லைசன்ஸும் பிறப்புச் சான்றும் பார்த்துவிட்டோ, வாயால் கேட்டோ விட்டதுண்டு. 2009 யூன் 1 முதல் தரையாலும் கடலாலும் அமெரிக்காவுக்குள் வருகிறவர்களுக்குப் பாஸ்போட் அல்லது அதற்கு ஈடான ஆவணம் கட்டாயம்.

அதே ஆள்: எங்கட ஒன்ராறியோவில எல்லை தாண்டுற விசேட லைசன்ஸ் ஒண்டு இருந்தது. அதையும் இல்லையெண்டுவியளோ?

இருந்தது. கனேடியப் பிரசைகளுக்கு மட்டும் கொடுத்த மேம்படுத்திய லைசன்ஸ் அது. பிரசாவுரிமையை உறுதிப்படுத்தித்தான் கொடுத்தார்கள், அதனால்தான் எல்லையில் செல்லுபடியானது. ஒன்ராறியோ 2019 இல் அதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் நியூயோர்க், மிச்சிகன், வாஷிங்டன், மினசோட்டா, வெர்மொன்ட் மாநிலங்கள் இன்னும் கொடுக்கின்றன, அவற்றுக்கும் தரையிலும் கடலிலும்தான் மதிப்பு, விமானத்தில் வெளிநாடு போக உதவாது.

நியூ ஜேர்சியிலிருந்து: என்ர லைசன்ஸில நட்சத்திரம் இருக்கு, ரியல் ஐடி. அதோட கனடா போகலாம்தானே அண்ணா?

போகமுடியாது. 2025 மே 7 முதல் அமெரிக்காவுக்குள்ளேயே பறக்கிற விமானத்தில் ஏற அந்த நட்சத்திரம் உள்ள அட்டையோ பாஸ்போட்டோ கேட்கிறார்கள். அது உள்நாட்டுக்கு. சட்டபூர்வமாக வசிக்கிற வெளிநாட்டவருக்கும் அந்த அட்டை கிடைக்கும், ஆகவே அது பிரசாவுரிமைக்குச் சான்று ஆகாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மேலே நடந்த வாக்குவாதம் முழுக்க விளங்கும்.

திருநெல்வேலி: லைசன்ஸில ஒரு எழுத்து, பாஸ்போட்டில வேற எழுத்து. எல்லையில பிரச்சினை வருமோ?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இது. எங்கள் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே முறை இல்லை. பிறப்புப் பதிவுக்காரர் ஒரு மாதிரி எழுதினார், பள்ளிக்கூடம் இன்னொரு மாதிரி எழுதியது. "திரு" என்று தொடங்குகிற பெயரில் ஒரு ஆவணத்தில் "எச்" வரும், மற்றதில் வராது. இலங்கையில் முதலெழுத்தோடு சமாளித்துவிடுவோம். வெளிநாட்டில் ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். விமான ரிக்கற், விசா, வதிவிட அட்டை எல்லாம் பாஸ்போட்டில் உள்ளபடியே இருக்கட்டும். லைசன்ஸ் வேறாக இருந்தால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஆதாரம் காட்டித் திருத்துங்கோ, பயணத்துக்கு முதல் வாரத்தில் ஓடித்திரியவேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போடுகிற வழக்கத்தால் தகப்பனுக்கும் பிள்ளைக்கும் கடைசிப் பெயர் வேறு. வெள்ளைக்கார அதிகாரிக்கு அது விளங்காது. தாயோ தகப்பனோ தனியாகப் பிள்ளையோடு கனடா எல்லையைத் தாண்டினால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் பிள்ளையின் பிறப்புச் சான்றும் கையில் இருக்கட்டும். பிள்ளையைத் தனியாக விசாரிக்கும்போது அது மிரளாமல் இருக்க அந்தக் கடிதம் உதவும்.

பருத்தித்துறை: காங்கேசன்துறையால கப்பலில நாகபட்டினம் போக லைசன்ஸ் காணுமோ?

காணாது. பாஸ்போட்டும் இந்திய விசாவும். பலாலியிலிருந்து இந்தியா போகிற விமானத்துக்கும் அப்படித்தான். 2025 செப்டெம்பர் 1 முதல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே பாஸ்போட் காரியாலயம் இருக்கிறது, பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை.

அச்சுவேலி: என்ர லைசன்ஸோட லண்டன் போகலாமோ?

லைசன்ஸோடு போகமுடியாது. போனபிறகு கார் ஓடலாம், செல்லுபடியாகிற இலங்கை லைசன்ஸை 12 மாதம் ஏற்பார்கள். இந்தக் கேள்விக்கு இதற்குமேல் பதில் எழுதமாட்டேன், மேலே படியுங்கோ.

வேலணை: பிரான்ஸ் பிரசாவுரிமை எடுத்திட்டன். பழைய இலங்கை ஐசி, லைசன்ஸ் ரெண்டும் கையில கிடக்கு. பாவிக்கலாமோ?

வெளிநாட்டுப் பிரசாவுரிமை எடுத்ததும், இரட்டைப் பிரசாவுரிமை பெறாவிட்டால், இலங்கைப் பிரசாவுரிமை போய்விடும். பழைய அடையாள அட்டையையும் பழைய பாஸ்போட்டையும் காட்டுவது தவறு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிரெஞ்சுப் பாஸ்போட்டோடு வாருங்கோ. இரட்டைப் பிரசாவுரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால் அதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் கேளுங்கோ, அது தனி வேலை. காணி விசயம் பேச வருகிறவர்கள் இதைச் செய்யாமல் வந்து அந்தரப்படுகிறதைப் பார்த்திருக்கிறேன், மனம் கஷ்டப்படும்.

கரவெட்டி: லைசன்ஸ் பேர்ஸோட துலைஞ்சுது.

பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து பிரதி எடுங்கோ. அதோடும் அடையாள அட்டையோடும் மாவட்டக் காரியாலயம் போனால் இரண்டாம் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையும் அதே பேர்ஸில் இருந்ததென்றால் முதலில் கிராம அலுவலரிடம் போய் அதைத் தொடங்குங்கோ.