எழுதினால் கை வலிக்கிறதா? கடைக்குக் கூட்டிப் போங்கள்

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. நாலு வரி எழுதுவதற்குள் கை வலிக்கிறது என்கிறான். பால் பாக்கெட்டை எடுத்து வரச் சொன்னால் நழுவவிட்டுவிடுகிறான். கையெழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தோளும் மணிக்கட்டும் உறுதியாக நிற்காவிட்டால், அந்தக் குறையை ஈடுகட்டப் பிள்ளை பென்சிலை இறுக்கிப் பிடிக்கும். கை சீக்கிரம் சோர்ந்துவிடும். கூடுதலாக எழுதவைத்தால் இறுக்கம்தான் கூடும்.

கடைக்குப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். இரண்டு சின்னத் துணிப்பைகள், ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று. இரு கையிலும் எடை சமமாக இருந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயாது. பிளாஸ்டிக் பை வேண்டாம், அதன் மெல்லிய கைப்பிடி விரலை அறுக்கும். ஒரு வாரம் சிரமமில்லாமல் தூக்கினால் கைக்கு முக்கால் கிலோ, அப்புறம் ஒரு கிலோ. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டும் சேர்த்து 2 கிலோ போதும். தோள் காதுப்பக்கம் ஏறினாலோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாலோ எடையைக் குறையுங்கள். பாக்கெட் நழுவ அதன் ஈரமும் ஒரு காரணம். துடைத்துக் கொடுத்துப் பாருங்கள், பாவம், திட்டாதீர்கள்.

விரல்களுக்கு நாணயம். உள்ளங்கையில் மூன்று நாணயங்களை வைத்து மூடச் சொல்லுங்கள். அதில் ஒன்றை மட்டும் கட்டைவிரலால் விரல் நுனிக்குத் தள்ளிக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். மற்ற இரண்டும் மோதிரவிரல், சுண்டுவிரலின் பிடியிலேயே இருக்க வேண்டும். பென்சில் பிடிப்பதிலும் இதே பங்கீடுதான்: மூன்று விரல் வேலை செய்யும், இரண்டு மடங்கித் தாங்கும். முதலில் எல்லாம் கொட்டும், அல்லது மறுகையால் எடுத்துக் கொடுக்கப் பார்ப்பான். இரண்டு நாணயமாகக் குறையுங்கள். பின்னால் ஆட்கள் காத்திருந்தால் கடையில் வேண்டாம், வீட்டு உண்டியலில் போட்டுப் பழகட்டும். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் கீழே விழுந்ததை எண்ணி எடுத்துவிடுங்கள்.

துணி காயப்போடும்போது கைக்குட்டையும் சாக்ஸும் அவன் பங்கு. கொடி அவன் கண்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் வேலை கிடைக்கும். புதுக் கிளிப்பின் ஸ்பிரிங் கடினம், மொத்தக் கையாலும் அமுக்குவான். தளர்ந்த பழைய கிளிப்பே நல்லது.

ஆனால் தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுந்தாலோ, அடிக்கடி விழுந்தாலோ, படியேறத் திணறினாலோ அது தசை பலவீனத்தின் அறிகுறியாக இருக்கலாம். இந்தப் பயிற்சிகளைச் செய்துபார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.