இஸ்லாமிய வரலாற்றின் முதல் நூற்றாண்டில், அரசைக் கட்டியெழுப்பியதில் முக்கியமானவர் யார்?

பெரும்பாலோர் நபிக்குப் பின் வந்த இரண்டாவது கலீஃபா (ஆட்சித்தலைவர்) உமர் (ரலி) என்பார்கள். படைவீரர்களுக்குப் பதிவேடு போட்டு ஊதியம் கொடுத்த திவான் அவர் தொடங்கியது. இராக்கின் கூஃபா, பஸ்ரா நகரங்கள் எழுந்தது அவர் காலத்தில். மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் என்னைக் கேட்டால், அவ்வளவாக நல்ல பெயர் எடுக்காத உமையா வம்சத்துக் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வானைத்தான் சொல்வேன்.

685-இல் பதவிக்கு வந்தபோது அவர் கையில் உருப்படியாக இருந்தவை சிரியாவும் எகிப்தும்தான். மக்காவில் அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) தனி கலீஃபா. 692-இல் அப்துல் மலிக்கின் தளபதி ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டு, கவண்பொறிகளால் கல் வீசி, அவரைக் கொன்றது. இதை மறைத்துவிட்டு அப்துல் மலிக்கைப் புகழ முடியாது.

சரி, ஜெயித்த பிறகு என்ன செய்தார்? முதலில் காசு. அதுவரை புழங்கிய வெள்ளிக்காசில் பாரசீக மன்னர் தலையும் நெருப்புப் பீடமும் இருக்கும். ஓரத்தில் மட்டும் ‘பிஸ்மில்லாஹ்’ (அல்லாஹ்வின் பெயரால்). தங்கத்துக்கு பைசாந்திய அச்சு. சில காசுகளில் சிலுவையின் குறுக்குக் கட்டையை மட்டும் எடுத்துவிட்டார்கள், படிகளின் மேல் வெறும் கம்பம் நிற்கும்! அப்துல் மலிக்கும் வாளோடு நிற்கும் கலீஃபா உருவத்தை அச்சடித்துப் பார்த்தார். ஹிஜ்ரி 77-இல் (கி.பி. 696-97) அதையும் விட்டார். தீனார் என்ற புதிய தங்கக்காசில் ஒரு பக்கம் இஸ்லாமிய உறுதிமொழியான கலிமா, மறுபக்கம் ‘அல்லாஹு அஹத், அல்லாஹுஸ் ஸமத்’ (அல்லாஹ் ஒருவன், தேவையற்றவன்) என்ற குர்ஆன் வரி, ஓரத்தில் ஆண்டு. எடை சுமார் 4.25 கிராம். கலீஃபாவின் பெயர்கூடக் கிடையாது. அதிகாரத்துக்காக அவ்வளவு ரத்தம் சிந்தியவர் இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் கணக்கு. டமாஸ்கஸில் வரிக்கணக்கு கிரேக்கத்தில்; அதைப் பார்த்துக்கொண்டவர் சர்ஜூன் என்ற கிறிஸ்தவ அதிகாரி. 700 வாக்கில் அப்துல் மலிக் அதை அரபிக்கு மாற்றச் சொன்னார். ஒரு கிரேக்க எழுத்தர் தண்ணீர் கிடைக்காமல் மைக்கூட்டில் சிறுநீர் கழித்தானாம், அந்தக் கோபத்தில் போட்ட உத்தரவாம். சுவையான கதை, நான் நம்புவதில்லை. இராக்கில் ஹஜ்ஜாஜ் அதற்கு முன்பே பாரசீகக் கணக்கை அரபிக்கு மாற்றியாகிவிட்டதே!

கடைசியாக வாரிசு. முதல் உமையா கலீஃபா முஆவியா மகனுக்குப் பட்டம் கட்டியது, நபியின் பேரன் ஹுசைன் (ரலி) கொல்லப்பட்ட கர்பலாவில் போய் முடிந்தது. 705-இல் அப்துல் மலிக் இறந்தபோது மகன் வலீத் போரில்லாமல் பதவியேற்றார். பிறகு இன்னும் மூன்று மகன்கள் கலீஃபா ஆனார்கள்.