குமாரசாமிப்பேட்டை வீடா, இலக்கியம்பட்டி மனையா?

கேள்வி: நானும் கணவரும் தருமபுரியில் வேலை பார்க்கிறோம். நான்கு வயதில் ஒரு மகள், கூடவே மாமியார். இதுவரை வாடகை வீடுதான். இப்போது இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, குமாரசாமிப்பேட்டையில் 25 வருடப் பழைய வீடு. 1,100 சதுர அடி மனையோடு 44 லட்சம் சொல்கிறார்கள். வீட்டுப் பெரியவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மகன் விற்கிறார், பட்டா அவர் பெயரில் இருக்கிறது. அவருடைய அக்காமார் மூன்று பேரும் கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறார்கள். இன்னொன்று, இலக்கியம்பட்டி பக்கம் புதிதாகப் போட்ட நகரில் 30-க்கு 40 மனை, 24 லட்சம். வீடு கட்ட மேஸ்திரி 22 லட்சம் கேட்கிறார். கணவருக்கு மனை மேல்தான் ஆசை. "அந்த ஏரியாதான் வளரும்" என்கிறார் புரோக்கர். எதை எடுக்கலாம்?

பதில்: முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு நீங்கள் கொடுக்கும் விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல் கணக்குப் போடுவார்கள். பழைய வீட்டுக்கு 44 லட்சத்தோடு 3.96 லட்சம் சேரும். மனைக்கு 24 லட்சத்தின் மேல் 2.16 லட்சம்தான், அதோடு கட்டும் செலவு 22 லட்சம். கூட்டினால் இரண்டும் 48 லட்சத்தைச் சுற்றித்தான் வருகிறது. மனைக்கு மேற்கொண்டு போர், சம்ப், காம்பவுண்டு சுவர், கட்டி முடியும்வரை வாடகை. பழைய வீட்டுக்கு ஒயரிங், குழாய், மொட்டை மாடி ஒழுகல். ஆக விலையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. உங்கள் பெயரில் எழுதினால் கட்டணம் குறையும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். 2025 ஏப்ரல் முதல் பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை இருப்பது உண்மை. ஆனால் அது 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குத்தான்.

நம் ஊரில் வீடு வாங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். போரில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். அது என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் திறந்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் ஃபுளோரைடு இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கோடு. வருடக்கணக்கில் நிறையக் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும்.

உங்கள் மகளுக்கு நான்கு வயது. விழுந்து முளைக்கப் போகிற பற்களின் எனாமல் ஈறுக்குள்ளேயே உருவாகிக்கொண்டிருக்கும் காலம் இது. ஏறக்குறைய எட்டு வயதுவரை குடிக்கும் தண்ணீர் அந்தப் பல்லில் பதிந்துவிடும், பிறகு தேய்த்தாலும் போகாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. மெஷின் எடுக்கும். ஆனால் கடினத் தண்ணீரில் அதன் மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சர்வீஸை ஒருநாளும் தள்ளிப்போடாத வீட்டில்தான் அதை நம்பலாம்.

அதனால் இரண்டு இடத்துக்கும் போய், காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் நில்லுங்கள். குமாரசாமிப்பேட்டை வீட்டில் குடிநீர் இணைப்பு அந்த வீட்டின் பெயரிலேயே இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை விடுகிறார்கள், மோட்டார் போடாமல் குழாயில் ஏறுகிறதா என்று பாருங்கள். இலக்கியம்பட்டியில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஆபரேட்டரைத் தேடிப் பிடியுங்கள். ஒகேனக்கல் தண்ணீரை மட்டும் ஏற்றுகிறாரா, போர் தண்ணீரோடு கலந்து விடுகிறாரா என்று கேளுங்கள். இதைப் புரோக்கர் சொல்ல மாட்டார், ஆபரேட்டர் மறைக்க மாட்டார். அப்புறம், பக்கத்து மனை போரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, கண்ணாடி பாட்டில் வேண்டாம், சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். பாறைக்குப் பாறை ஃபுளோரைடு மாறும் என்பதால் அந்த முடிவு உங்கள் போருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது.

30-க்கு 40 மனையில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. போருக்கும் கழிவுநீர்க் குழிக்கும் நடுவே குறைந்தது 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் மனையை மூலைக்கு மூலை அளந்தால் சரியாக 50 அடி. ஒரு மூலையில் போர், எதிர் மூலையில் செப்டிக் டேங்க் என்று நீங்கள் கச்சிதமாக வைத்தாலும், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் எங்கே குழி தோண்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை. பாதாளச் சாக்கடை இல்லாத புதிய நகர்களில் மனை நிறைய நிறைய இந்தத் தொல்லை கூடும். ஆகவே அந்தப் போர் புழக்கத்துக்கு மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கக் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்றால் அந்த மனை வேண்டாம்.

இனி பத்திரம். இதில் குமாரசாமிப்பேட்டை வீட்டுக்குத்தான் பெரிய சிக்கல். பெரியவரின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு எவ்வளவு பங்கோ அதே பங்கு மகள்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அம்மா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பட்டா மகன் பெயரில் இருப்பதால் அக்காமார் பங்கு போய்விடாது. பட்டா வருவாய்த் துறைப் பதிவு, அது மட்டுமே கிரயம் செய்யும் உரிமையைக் கொடுத்துவிடாது. "அவங்களுக்குக் கல்யாணத்துக்கே செஞ்சாச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இல்லாதவரை அந்தப் பேச்சு செல்லாது. வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள அத்தனை பேரும் உங்கள் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் முன்கூட்டியே விடுதலைப் பத்திரம் பதிந்து தர வேண்டும். பக்கச் சுவர் பொதுச் சுவரா என்பதையும் மூலப் பத்திரத்தில் பாருங்கள்.

மனைக்கு நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி எண்ணைக் கேளுங்கள். நோட்டீஸில் அச்சடித்த படம் போதாது, கையெழுத்திட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்க வேண்டும். சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவும் தேவை. இலக்கியம்பட்டி, பிடமனேரி என்று ஏரிகள் உள்ள பக்கம் அது. அதனால் சர்வே எண்ணை வைத்து நில அளவை வரைபடத்தை எடுத்து, மனையை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ போகிறதா என்று பார்த்துவிடுங்கள். தரையில் மண் கொட்டி மேடாக்கியிருந்தாலும் வரைபடத்தில் வாய்க்கால் அப்படியே இருக்கும். பெருமழைக்குத் தண்ணீரும் அந்த வழியில்தான் வரும்.

என் கருத்தைக் கேட்டால், அக்காமார் மூவரும் மனம் ஒப்பிக் கையெழுத்துப் போட்டால் குமாரசாமிப்பேட்டை வீடுதான். மாமியாருக்கும் குழந்தைக்கும் ஊருக்குள் இருப்பது வசதி. நாளைக்கே குடியேறலாம், வாடகையும் நிற்கும். கணவரிடமும் இதை விவரமாகச் சொல்லுங்கள். ஏரியா வளரும்போது விலை ஏறலாம், அதுவரை குழந்தை என்ன தண்ணீர் குடிக்கும் என்பதை அவரும் யோசிக்கட்டும். ஒரே ஒரு அக்கா தயங்கினாலும் அந்த வீட்டை விட்டுவிட்டு மனைக்கு வாருங்கள், குழாய்த் தண்ணீர் உறுதி என்றால் மட்டும்.

கேள்வி: ஊராட்சிப் பகுதியில் வீட்டு வரி குறைவு, அதனால் அங்கே வாங்குவதே லாபம் என்கிறார்களே?

பதில்: வரியை வைத்து இடம் தேர்ந்தெடுக்காதீர்கள். ஊரை ஒட்டிய ஊராட்சிகள் நகராட்சியோடு சேர்க்கப்படுவது எங்கும் நடப்பதுதான். சேர்ந்தால் வரி மாறும். குழாயும் சாக்கடையும் அன்றைக்கே வந்துவிடாது.

முதல் கேள்வி கேட்டவருக்கு இன்னும் ஒன்று. எந்த இடமானாலும் டோக்கன் அட்வான்ஸ் என்று வெறும் துண்டுச் சீட்டில் கொடுக்க வேண்டாம். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். வக்கீலிடம் மூலப் பத்திரம் முதல் எல்லாவற்றையும் காட்டுங்கள். அதன் பிறகு கிரய ஒப்பந்தம் போட்டு, வாரிசுகளின் கையெழுத்து வராவிட்டாலோ வங்கி கடன் மறுத்தாலோ அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு, பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.