மாதிரித் தேர்வில் 95, உண்மைத் தேர்வில் தோல்வி

கேள்வி: எனக்கு வயது 43. வண்டி ஓட்டுவதற்கான பழகுநர் உரிமத்தின் எழுத்துத் தேர்வை முதல் தடவையாக எழுதினேன். அதற்கு முன் மூன்று வாரம் செல்போன் ஆப்பில் மாதிரித் தேர்வுகளாக எழுதித் தள்ளினேன். கடைசி நாள்களில் 100க்கு 95க்குக் கீழே இறங்கவே இல்லை. ஆனால் உண்மைத் தேர்வில் இரண்டே கேள்விகளில் கோட்டைவிட்டுவிட்டேன். என்னோடு எழுதிய சின்னப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வெளியே போனார்கள். வயதாகிவிட்டதால்தான் மனதில் நிற்கவில்லையா? மறுபடி எப்படிப் படிப்பது?

பதில்: வயதை விடுங்கள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் எனக்கு உங்கள் கதை ரொம்பப் பழக்கமானது. தேர்வில் தவறுகிறவர்களில் பாதிப் பேராவது படிக்காதவர்கள் என்று நினைப்பீர்கள். என்னிடம் திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படித்தவர்கள். ஒரே ஆப்பை நூறு தடவை தேய்த்தவர்கள்.

என்ன நடக்கிறது என்றால், நாலு நாள் கழித்து அந்தக் கேள்விகளின் முகம் உங்களுக்குப் பழகிவிடுகிறது. முதல் மூன்று வார்த்தையைப் பார்த்ததுமே விரல் ‘ஆ’வுக்குப் போகும். 95 மதிப்பெண் காட்டுவது அந்தப் பழக்கத்தைத்தான். தேர்வில் அதே விதியைக் கொஞ்சம் உடை மாற்றிக் கேட்டால் ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

மஞ்சள் விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில், ‘சிக்னலில் மஞ்சள் எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?’ என்று இருக்கும். விடை: நிற்க வேண்டும். சரி. தேர்வில் இப்படி வருகிறது: ‘நீங்கள் நிறுத்தக்கோட்டை நெருங்கிவிட்டீர்கள். பின்னால் ஒரு லாரி ஒட்டி வருகிறது. அப்போது மஞ்சள் எரிகிறது. என்ன செய்வீர்கள்?’ மனப்பாடம் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு ‘உடனே பிரேக் போடுவேன்’ என்று குறிப்பார். விதியைப் புரிந்தவர் கவனமாகக் கடந்து போவதைக் குறிப்பார். மஞ்சள் என்றால் நில் என்பது உண்மை. ஆனால் பாதுகாப்பாக நிற்க முடியாத அளவுக்கு நெருங்கிவிட்டால் கடந்து போகலாம் என்பதும் அதே விதியின் வால்தான். ஆப்பில் அந்த வால் வருவதில்லை. போக்குவரத்துத் துறையின் கையேட்டில் இருக்கும்.

அதனால் முதல் வேலை, அந்தக் கையேட்டின் கடைசிப் பதிப்பைக் கையில் எடுப்பது. பழைய பதிப்பு வேண்டாம்; யாரோ சுருக்கித் தந்த நோட்ஸும் வேண்டாம். ஆப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, பயன்படுத்தும் விதத்தை மாற்றுங்கள். நாலு விடைகளையும் ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, கேள்வியை மட்டும் படித்து, விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம் அட்டையை எடுங்கள். நீங்கள் சொன்னதே சரியான விடையாக இருந்தால் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். ‘ஆமாம், இதுதான், பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது’ என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஏமாறுவது அங்கேதான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

தவறிய கேள்விகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். அதில் சரியான விடையை எழுதாதீர்கள். ‘நான் ஏன் அதைக் குறித்தேன்’ என்று ஒரே வரி எழுதுங்கள். என்னிடம் படித்த ஒருவரின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினான்கு தவறில் ஒன்பதுக்கு அவர் எழுதியிருந்தது ஒரே காரணம்: ‘ரோட்டில் எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்.’ நாற்பது வயதுக்காரர்களின் உண்மையான தொல்லை இதுதான், மறதி இல்லை. இருபது வருடமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்த தவறான பழக்கங்களெல்லாம் விதி மாதிரி மனதில் பதிந்திருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமை குறைவு. ஹாரன் அடித்தால் வழி கிடைத்துவிடும், ஹெட்லைட்டை விட்டு விட்டு எரியவிட்டால் ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று பொருள், இப்படி ஏதாவது உங்கள் நோட்டிலும் வரும். வந்தால் நல்லது, இடம் தெரிந்துவிட்டது.

யாருக்கு முதலில் வழி என்ற கேள்விகளில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். படத்தை முறைத்துக்கொண்டு இருந்தால் புரியாது. ஒரு தாளில் நாற்சந்தி வரையுங்கள். இரண்டு தீப்பெட்டிகளை வண்டிகளாக வையுங்கள். எதிர் வரிசையைக் குறுக்கே வெட்டித் திரும்பும் வண்டி, எதிரே நேராக வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது எங்கும் பொது. பெட்டியைக் கையால் நகர்த்திப் பார்த்தால், ஏன் என்று கேட்கத் தோன்றாது: குறுக்கே போகிறவன்தான் ஆபத்தை உண்டாக்குகிறான். ரவுண்டானாவில் உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை என்பது பெரும்பாலான நாடுகளின் விதி. இரண்டு மூன்று தடவை பெட்டி நகர்த்தினால் போதும், இந்தப் பகுதி உங்களுக்கு முடிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் பழகிய ஆப் எந்த நாட்டுக்கானது என்று பார்த்தீர்களா? சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாட்டின் கேள்விகளை வைத்து, இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் தேர்வு எழுதினால் திரும்புதல், முந்துதல் எல்லாமே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாறிவிடும். சிவப்பு விளக்கு எரியும்போதே ஓரமாகத் திரும்பிக்கொள்ளலாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு தடவை தவறியதற்குக் காரணம் இது ஒன்றுதான்.

சாலைப் பலகைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாதீர்கள். வடிவம் முதலில். உலகின் பல நாடுகள் 1968இல் வியன்னாவில் உருவான உடன்படிக்கையை ஒட்டியே பலகை வைக்கின்றன. சிவப்பு ஓரமிட்ட முக்கோணம் எச்சரிக்கிறது. சிவப்பு ஓரமிட்ட வட்டம் தடுக்கிறது. நீல வட்டம் ‘இதைச் செய்தே ஆக வேண்டும்’ என்கிறது. செவ்வகம் தகவல் சொல்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எச்சரிக்கைப் பலகை மஞ்சள் நிறத்தில் சாய்சதுரமாக இருக்கும். வடிவம் வேறு, யோசனை அதேதான். எண்கோணம் நின்று போவதற்கும், தலைகீழ் முக்கோணம் வழிவிடுவதற்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும், பனியோ சேறோ எழுத்தை மூடியிருந்தாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. (அமெரிக்காவில் 1954 வரை நிறுத்தப் பலகை மஞ்சளாகத்தான் இருந்தது. வெயிலில் வெளுக்காத சிவப்பு அதற்குமுன் சரியாகக் கிடைக்கவில்லை. தேர்வில் இதைக் கேட்கமாட்டார்கள். எனக்குச் சொல்லப் பிடிக்கும்.) வடிவத்தைப் பிடித்துவிட்டால், பார்த்தேயிராத பலகை வந்தாலும் நாலு விடைகளில் இரண்டை உடனே அடித்துவிடலாம்.

எண்களுக்கு வருவோம். வேகமும் தூரமும் பலருக்கும் கசக்கும். ஒரு கணக்கை ஒரே ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்கில் அழுந்த ஒன்றரை நொடி என்று வைத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 21 மீட்டர் போய்விட்டது. உலர்ந்த சாலை, நல்ல டயர் என்றால் அதற்கப்புறம் நிற்க இன்னொரு 14 மீட்டர். மொத்தம் 35. இப்போது வேகத்தை 100 ஆக்குங்கள். கால் போவதற்குள் 42 மீட்டர். ஆனால் பிரேக் போட்டு நிற்க 28 இல்லை, 55. மொத்தம் 97. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நாலு மடங்கு. ‘வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் எவ்வளவு?’ என்ற கேள்வி இந்தத் தேர்வுகளின் பழைய நண்பன். ‘இரண்டு மடங்கு’ என்ற விடையை முதலிலேயே வைத்துக் காத்திருப்பார்கள். ஒரே விஷயம்: தேர்வில் மீட்டர் கணக்கு கேட்டால் உங்கள் கையேட்டில் உள்ள எண்ணைத்தான் குறிக்க வேண்டும், என் எண்ணை இல்லை. அவர்கள் வைக்கும் எதிர்வினை நேரம் வேறாக இருக்கலாம்.

அபராதத் தொகை, குடித்துவிட்டு ஓட்டுவதற்கான வரம்பு, பள்ளி அருகே வேகம் போன்றவற்றுக்குப் பின்னால் புரிந்துகொள்ள எதுவும் இல்லை. அவற்றைக் கடைசி இரண்டு நாளுக்கு ஒதுக்கி ஒரு தாளில் எழுதி நெட்டுரு போடுங்கள். முதல் நாளே ஆரம்பித்தால் மறந்துபோகும், சலிப்பும் வரும்.

மொழி விஷயத்தையும் கவனியுங்கள். தேர்வை எந்த மொழியில் எழுதப் போகிறீர்களோ அதே மொழியில் பழகுங்கள். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதப் போனால், ‘வழியுரிமை’ (யாருக்கு முதலில் வழி என்பதுதான்) என்ற சொல்லைப் பார்த்துத் திகைத்து நிற்பீர்கள். விஷயம் தெரிந்திருக்கும், சொல் தெரியாது. கேள்வியில் ‘எது தவறு’, ‘எதைச் செய்யக்கூடாது’ என்று வந்தால் அந்தச் சொல்லின் மேல் ஒரு நொடி விரலை வைத்து நிறுத்துங்கள். நீங்கள் இழந்த இரண்டில் ஒன்றாவது இப்படிப் போயிருக்கும் என்பது என் ஊகம்.

நாள் கணக்காகச் சொன்னால், தினமும் முக்கால் மணி நேரம், இரண்டு வாரம் போதும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறு மணி நேரம் உட்காருவது வீண். முதல் வாரம் கையேடும் தீப்பெட்டியும். இரண்டாம் வாரம் அட்டை மறைத்து மாதிரித் தேர்வு, ஆனால் புதிய கேள்விகளில். பழைய ஆப்பில் மறுபடி 95 வாங்கிச் சந்தோஷப்படாதீர்கள். பார்த்தேயிராத ஒரு தொகுப்பில், தேர்ச்சிக்குத் தேவையானதைவிட நாலைந்து கூடுதலாக, மூன்று நாள் தொடர்ந்து வாங்கினால் தேதி எடுங்கள்.

தேதி எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் விசாரித்துக்கொள்ளுங்கள். மறுதேர்வுக்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. கணினியில் ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்ப வர முடியுமா என்பது இன்னொன்று. முடியும் என்றால் தடுமாறவைக்கும் கேள்வியை விட்டுவிட்டுப் போங்கள். முடியாது என்றால் நேரத்தைக் கேள்விகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒன்றுக்கு எத்தனை நொடி என்று வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பழகிவிட்டுப் போங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதை மறக்காதீர்கள். பல இடங்களில் பார்வைச் சோதனையும் அன்றே நடக்கும்.