ஆறு செவுள் இருந்தால் ஊனமா?

கேள்வி: டீச்சர், என் அண்ணன் தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் வேலை செய்கிறார். தூண்டிலில் விழுந்த ஒரு சுறாவைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பியிருந்தார். கழுத்தின் ஒரு பக்கத்தில் ஆறு கீறல்கள் தெரிகின்றன. சுறாவுக்கு ஐந்து செவுள் பிளவு என்றுதான் நாங்கள் படித்தோம். படகில் இருந்தவர்கள் ஊனமான மீன் என்கிறார்கள். உண்மையா?
- வாசகர், கொல்லங்கோடு

பதில்: ஊனமில்லை, தம்பி. ஆறு என்று நீங்கள் எண்ணியது சரிதான். நம் கரையில் அன்றாடம் ஏலம் போகும் சுறாக்களுக்குத்தான் பக்கத்துக்கு ஐந்து பிளவுகள். பசுச் சுறா எனப்படும் சுறாக் குடும்பத்துக்கு ஆறு அல்லது ஏழு.

இந்தக் கேள்வி எனக்குப் பழைய வலி ஒன்றைக் கிளறிவிட்டது. நான் விலங்கியல் நடத்திய காலத்தில் நீரோடியிலிருந்து வந்த மாணவன் ஒருவன், 'சிலவற்றுக்கு ஆறு செவுள் உண்டு' என்று தேர்வில் எழுதியிருந்தான். பாடநூலில் இல்லை என்பதால் சிவப்பு மையால் அடித்தேன். அவன் தன் அப்பாவின் படகில் கண்டதைத்தான் எழுதியிருந்தான். பல ஆண்டுகள் கழித்துக் கொச்சி தோப்பும்படித் துறைமுகத்தில் ஈரத் தரையில் கிடந்த ஒரு சுறாவின் கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன். ஆறு. மறுபக்கம் புரட்டச் சொல்லி எண்ணினேன். அங்கும் ஆறு. அன்று முழுவதும் அந்தப் பையனின் முகமே கண்முன் நின்றது.

ஆனாலும் செவுளை மட்டும் எண்ணி முடிவு கட்டிவிட வேண்டாம். ரம்பம் போல மூக்கு நீண்ட சுறாக்களில் ஓர் இனத்தொகுதிக்கும் ஆறு பிளவுகள் உண்டு. அது வேறு குலம். எனவே முதுகைப் பாருங்கள். பசுச் சுறாவுக்கு முதுகில் ஒரே துடுப்பு, அதுவும் வாலுக்கு அருகில் தள்ளி இருக்கும். மற்றச் சுறாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு. விலாங்கு போல நீண்ட உடலும், தொண்டைக்குக் கீழே ஒன்றுசேரும் முதல் செவுள் பிளவும் இருந்தால் அது சுருக்குச் சுறா. வகைப்பாட்டில் பசுச் சுறாவோடு ஒரே வரிசையில் வரும் பங்காளி.

அண்ணனிடம் அடுத்த முறை வாயையும் படமெடுக்கச் சொல்லுங்கள். பசுச் சுறாவின் கீழ்த்தாடைப் பல் தனித்தனி ஊசியாக இராது. ஒரே அடியில் பல முனைகள் சாய்ந்து நிற்க, உடைந்த சீப்பின் துண்டு போல அகலமாக இருக்கும். பெரிய இரையைக் கவ்வித் தலையை உதறும்போது அந்தச் சீப்பு ரம்பமாக அறுக்கும். இந்தப் பெரிய பற்கள் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு வரிசை இருந்தால் மழுங்குமூக்கு ஆறுசெவுள் சுறா. அது நான்கு மீட்டரைத் தாண்டியும் வளரும். ஐந்து வரிசையும் பெரிய கண்ணும் என்றால், இரண்டு மீட்டரை எட்டாத சிறிய இனம். ஏழு செவுளும் கூர்மூக்கும் உடையது ஹெப்ட்ராங்கியாஸ். உயிரோடு தூக்கும்போது அதன் கண் பச்சையாக ஒளிரும்.

மழுங்குமூக்கையும் கூர்மூக்கையும் 1788-லேயே பொன்னத்தேர் என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரிட்டுவிட்டார். ஆனால் சிறிய ஆறுசெவுள் சுறாவின் அட்லாண்டிக் உறவு தனி இனம்தான் என்பது 2018-இல் மரபணுவை ஒப்பிட்ட பிறகே உறுதியானது. இன்று இக்குடும்பத்தில் ஐந்து இனங்கள்.

'எல்லாச் சுறாவுக்கும் மூதாதை' என்று பசுச் சுறாவைச் சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்பதில்லை. ஜுராசிக் காலப் பாறைகளில் இதன் உறவுகளின் பற்கள் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் மரபணு காட்டும் நெருக்கம் வேறு. ஈரல் எண்ணெய்க்காக நம் தூத்தூர்க்காரர்கள் பிடித்துவரும், துடுப்பின் முன்னால் முள் உள்ள ஆழ்கடல் சுறாக்கள் இருக்கின்றனவே, அந்தக் கிளைக்குத்தான் இதுவும் உறவு.

கேள்வி: பசுச் சுறா என்கிறீர்களே, அது பால் கொடுக்குமா? பிரசவித்த என் மருமகளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கிறேன். அதற்குப் பதில் இதைக் கொடுக்கலாமா?
- வாசகி, பொழியூர்

பதில்: எந்தச் சுறாவும் பால் கொடுப்பதில்லை, அம்மா. நீங்கள் சமைக்கும் பால்சுறாவுக்கு வயிற்றில் குட்டிக்கு நஞ்சுக்கொடி போன்ற பிணைப்பு உண்டு. பசுச் சுறாவுக்கு அதுவும் கிடையாது. குட்டிகள் தாய் வயிற்றுக்குள்ளேயே முட்டையின் கருவுணவைத் தின்று வளர்ந்து பிறக்கின்றன. மழுங்குமூக்கு ஒரே ஈற்றில் 22 முதல் 108 வரை ஈனும். அதன் குட்டி ஒவ்வொன்றும் பிறக்கும்போதே இரண்டடிக்குச் சற்று அதிகமாக இருக்கும். அத்தனை குட்டிகளைச் சுமக்கும் தாயைக் கரையில் அறுத்துக் கிடக்கக் கண்டால் எனக்கு மனம் தாங்காது. முதிர்ச்சி அடையவே அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

மருமகளுக்குப் பால்சுறாவையே வாங்குங்கள். சிறியதாகப் பார்த்து, மஞ்சளிட்டு அவித்து உதிர்த்தால் புட்டு பூப்போல வரும்.